திறப்பு

பலகையில் முதலில் எழுதியது:
செவ்வாய், வியாழன், பின்னேரம் நாலு தொடக்கம் ஏழு.
சனி, காலை ஒன்பது தொடக்கம் கறண்ட் நிக்கும்வரை.
கடைசி இரண்டு சொல்லையும் அழிக்கச் சொன்னான் றெஜினோல்ட்.
அழித்தேன். துணியில் மஞ்சள் வந்தது,
எழுத்து முழுதாய்ப் போகவில்லை.
சரிந்து நின்று பார்த்தால் இப்போதும் வாசிக்கலாம்.

கொக்குவில் ஸ்டேஷனுக்குப் பின்னால்
சங்கக்கடை பூட்டிப்போன கட்டடம்.
அரிசி நிறுத்த கொக்கியில்
ட்ரில்லின் வயர் தொங்குகிறது.
சம்பளம் ஒருவருக்கும் இல்லை. திறப்பு மூன்று.
ஒன்று என்னிடம்.
ஒன்று சுகிர்தாவிடம், அவளுக்குப் பல்வைத்தியரிடம் வேலை,
பல்வலி மணி பார்த்து வராது.
மூன்றாவது ஸ்காபரோவில்.
பயண அவசரத்தில் பிரதாபனின் காற்சட்டைப் பையோடு போனது.
பனிக்கு மேல் வைத்துப் படமெடுத்து அனுப்பினான்:
மச்சான், இது எந்தக் கதவுக்கு?

பலகையின் அடியில் ‘எல்லாரும் வரலாம்’ என்றும் எழுதியிருந்தோம்,
சிவப்பில்.

ஒரு வெள்ளி காலை வாசலில் ஒரு கிரைண்டர்.
உரப்பையால் மூடி, மேலே கல்.
மருந்துக்கடை பில்லின் பின்பக்கத்தில்:
நேற்று ஏழு பத்துக்கு வந்தன், பூட்டு.
செவ்வாயும் வந்தன், பூட்டு.
கிரைண்டர் சுத்தும், கொஞ்சம் எரிஞ்ச மணம், அவ்வளவுதான்.
பெரிய பழுது உங்கட நேரத்தில.
அதைத் திருத்தேலுமோ?
ம. வதனரூபி. புடவைக்கடை. ஏழுக்குத்தான் விடுவினம்.

கழற்றினோம். காபன் தேய்ந்திருந்தது.
இருபது நிமிஷ வேலை.
மற்றதற்கு மூன்று கூட்டம் வைத்தோம்.

இரவு ஒன்பதுவரை ஆர் நிற்பது.
லைற் பில் ஆர் கட்டுறது.
ஆளாளுக்குத் திறப்பு வெட்டிக் கொடுத்தால் ட்ரில் போய்விடுமே.
(ட்ரில் முந்தியும் ஒருதரம் போனது.
ஆமப்பூட்டை அறுத்துத்தான் கொண்டுபோனார்கள்.
திறப்பு வைத்திருந்த ஒருவரும் எடுக்கவில்லை.)

ஜெயசீலன் ஒழுங்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தான்.
அவன் எப்போதும் ஒழுங்கையில்தான்.
ரேடியோவை ஜன்னலால் கொடுப்போம், வயரையும்.
சில்லுக்கதிரையில் மடிமேல் பலகை வைத்து
ஈயம் ஒட்டித் திருப்பித் தருவான்.
தேத்தண்ணியும் ஜன்னலால்.
இரண்டு வருஷம்.
அதை நல்ல ஏற்பாடு என்றே நினைத்திருந்தோம்.

மூன்றாவது கூட்டத்தின் நடுவில்
அளவுநாடா ஒன்று ஜன்னலுக்குள்ளால் வந்து விழுந்தது.
‘உள்ளுக்கு இருக்கிற மேசை எவ்வளவு உயரம்?
ஒருக்கா அளந்து சொல்லுங்கோ, முழங்கால் போகுமோ எண்டு பாக்க.
படியை நான் எப்பவோ அளந்திட்டன்.
பதினெட்டு அங்குலம்.’

ஒருவரும் ஒருவர் முகத்தைப் பார்க்கவில்லை.
சுகிர்தா மேசையை அளந்தாள்.
இரண்டுதரம் அளந்தாள்.

பதினெட்டு அங்குலத்துக்குச் சரிவு பதினெட்டு அடி வேண்டும்.
ஒழுங்கை பத்தடிதான்.
சுவரோடு வளைத்தோம்.
றெஜினோல்டின் சீமெந்து முதல் மழையில் வெடித்தது,
திரும்பவும் போட்டோம்,
வழுக்காமல் இருக்கப் பழைய டயரை வெட்டிப் பதித்தோம்.
அதில் ஒரு நாய் இப்போது படுக்கிறது.
எழுப்பாமல் ஏறுவதற்கு ஜெயசீலன் பழகிவிட்டான்.

நாலாவது திறப்பைக் கஸ்தூரியார் றோட்டில் வெட்டினோம்.
வியாழன், இரவு ஏழேகால் தொடக்கம் ஒன்பதரை.
திறப்பது வதனரூபி.
கூடவே புடவைக்கடைப் பிள்ளைகள் நாலு பேர்,
இஸ்திரிப்பெட்டி, தையல் மெஷின், உதவாத ஒரு குடை.

போன வியாழன் என் மின்விசிறி நின்றுவிட்டது.
ஆறரைக்கே கொண்டுபோனேன்.
பூட்டு.
என் திறப்பு வீட்டில், மற்றக் காற்சட்டைக்குள்.
விசிறியை மடியில் வைத்து
டயர்ச் சரிவில் நாய்க்குப் பக்கத்தில் இருந்தேன்.
ரயில் ஒன்று போனது. நுளம்பு வந்தது.
பலகையை எழுத்தெழுத்தாக வாசித்தேன்,
நான் எழுதியதுதான்.

ஏழேகாலுக்கு அவள் சைக்கிளை நிறுத்தினாள்.
என்னைப் பார்த்தாள், விசிறியைப் பார்த்தாள்.
‘எழுதியிருக்கெல்லோ’ என்றாள்,
திறப்பை எடுத்தபடி.